ஆகஸ்ட்டில் வரப்போகிறவர்களுக்காக: சிங்கப்பூரின் மாணவர் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ் மன்ற நண்பர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தமிழ் மன்றங்களை நடத்திவரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் சிலரை எனக்கு நேரில் தெரியும். பலரை மேடையில் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். நான் விருதுநகர் மாவட்டத்திலிருந்து இங்கே பொறியியல் படிக்க வந்து, படிப்பை முடித்து, இப்போது ஜூரோங் பக்கம் வேலை பார்க்கிறவன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது ஒரு அப்பா கூப்பிடுவார். "தம்பி, பையன் அங்க படிக்க வர்றான், கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வருகிறேன். சிம் கார்டு வாங்கித் தருகிறேன். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்கு அழைத்துப்போய் அரிசி, பருப்பு, ஊறுகாய் வாங்கித் தருகிறேன். அதற்கு அப்பால் அந்தப் பையனுக்கு வேண்டியதைக் கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வரும் ஒவ்வொரு தமிழ் மாணவருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவரை முதல் பருவம் முடியும்வரை துணையாகச் சேர்த்துவிடுங்கள். வரவேற்பு விழா நடத்துங்கள் என்று கேட்கவில்லை, பொன்னாடையும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் போதும்.

இதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்கலாமே என்று தோன்றும். அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்கிறார்கள். மாணவர் அனுமதி அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது, மருத்துவப் பரிசோதனைக்கு எங்கே போவது, வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது என்று எல்லாவற்றையும் படம் போட்டு விளக்குகிறார்கள். அந்தப் பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதற்கு அடுத்த வாரம் தொடங்குகிறது, வகுப்பறையில்.

இங்கே வந்து சேர்கிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தேர்வுகளில் நல்ல மதிப்பெண் எடுத்துத்தான் வருகிறார்கள். பாடநூலைப் படித்தால் புரியும், அறிக்கை எழுதச் சொன்னால் எழுதுவார்கள். தடுமாற்றம் காதில் இருக்கிறது. சிங்கப்பூர் ஆங்கிலத்தின் வேகமும் ஏற்ற இறக்கமும் வேறு. மலாயும், ஹொக்கியன் போன்ற சீன வட்டார மொழிகளும், மாண்டரின் சீனமும், தமிழும் சேர்ந்து பல தலைமுறைகளாக உரசி உருவான பேச்சு அது. "கேன் ஆர் நாட்?" என்று ஆய்வகப் பொறுப்பாளர் கேட்டால் அது அதட்டலா, சாதாரணக் கேள்வியா என்றே முதல் மாதம் பிடிபடாது. "லாஸ்ட் டைம்" என்று ஒருவர் சொன்னால் போன தடவை என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். இங்கே அது முன்பெல்லாம் என்ற பொருளில் வருகிறது. குழு வேலைக்கான வாட்சாப் குழுவில் வரும் செய்திகளில் பாதி சுருக்கெழுத்து, மீதியில் பாதி மலாய். நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் ஓர் இயக்கமே தொடங்கியது. ஆனாலும் நண்பர்கள் கூடினால் எந்த ஆங்கிலம் பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இத்தனை இனத்தாரும் ஒருவரோடு ஒருவர் உரிமையோடு பேசிக்கொள்ளும் மொழி அது. புதிதாக வருகிறவரும் அந்த உரிமைக்குள் வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

டுடோரியல் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன அறை, சுற்றி உட்கார்ந்து பேசும் வகுப்பு. ஆசிரியர் ஒரு கேள்வி போடுகிறார். அதைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, பதிலை மனதுக்குள் தமிழில் உருட்டி, ஆங்கிலத்தில் அடுக்கி, வாயைத் திறக்கும்போது பேச்சு இரண்டு கேள்வி தாண்டிப் போயிருக்கும். பதில் தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளையை, தயாரிக்காமல் வந்தவர் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பல பாடங்களில் வகுப்பில் பேசுவதற்கென்றே மதிப்பெண் இருக்கிறது. அது அப்படியே போய்விடும். ஊரில் பள்ளி முதல் மாணவராக இருந்த பெண், இங்கே முதல் இடைத்தேர்வுக்குப் பிறகு அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணைச் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவாள். சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே அம்மா இரவுச் சமையலை முடித்துக் கூப்பிடும்போது இங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும், மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பும் இருக்கும். "சாப்டியா?" என்ற கேள்விக்கு "ஆமா" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடியும்.

காதைப் பழக்க எந்த வகுப்பும் கிடையாது. பல்கலைக்கழகங்களில் ஆங்கில மொழி மையங்கள் உண்டு. கட்டுரை எழுதவும், மேடையில் நின்று விளக்கவும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முணுமுணுத்த நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிப்பதற்கு, அதே வயதில் ஒருவர் தினமும் நம்மோடு பேசினால்தான் உண்டு.

அப்படிப் பேசுகிற ஒருவர் தானாகக் கிடைத்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். கிடைப்பது கடினம். அதற்கான காரணங்களை வெளியிலிருந்து வருகிறவர்கள் அறிவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அவை பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை. உள்ளூர் மாணவர்கள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான தொடக்கக் கல்லூரியிலோ தொழிற்கல்லூரியிலோ சேர்ந்து படித்தவர்கள், வரும்போதே நண்பர்களோடு வருகிறார்கள். ஆண்கள் இரண்டாண்டுக் கட்டாய தேசிய சேவையை, பெரும்பாலும் இராணுவப் பயிற்சியை, முடித்துவிட்டு வருகிறார்கள். ஆகவே முதலாண்டு வகுப்பில் அவர்களுக்கு இருபது, இருபத்தொன்று வயது. பக்கத்தில் உட்காரும் மதுரைப் பையனுக்குப் பதினெட்டு. அவர்கள் பேச்சில் பாதி முகாம் கதை, பயிற்சிக் காலத்துச் சொற்கள். இவனுக்கு ஒன்றும் புரியாது, கேட்கவும் தயக்கம். பல அறிமுக முகாம்கள் ஜூன், ஜூலையிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் விடுதி திறக்கும் நேரத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். வகுப்பு தொடங்கும் நாளில் குழுக்கள் எல்லாம் அமைந்துவிட்டிருக்கும். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, ஆனாலும் ஒருவன் தனியாக நிற்கிறான்.

அதனால் என்ன ஆகிறது? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே கிரிக்கெட் பேச்சு. ஆறுதலாகத்தான் இருக்கும், அதைத் தப்பு சொல்ல மனம் வராது. ஆனால் நான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, ஒரு சிங்கப்பூரர் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்காமல் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வேலைக்கான நேர்முகத் தேர்வில்தான் அந்த நான்கு ஆண்டுகளின் குறை தெரியவருகிறது.

இனி எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். இருந்தாலும் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

உங்கள் மன்றக் கூட்டத்துக்குத் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் வந்தால் பல நேரம் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். உள்ளூர் மாணவர் ஆங்கிலத்தில் வரவேற்கிறார். வந்தவர் தன் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்கி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார். தமிழில் தொடங்கியிருந்தால் அவர் மலர்ந்திருப்பார். ஆனால் உள்ளூர் மாணவருக்கோ, ஊரிலிருந்து வந்தவர் முன்னால் தன் தமிழ் தடுமாறிவிடுமோ என்ற பயம். "மை தமிழ் நாட் சோ குட் லா" என்று நல்ல தமிழ் பேசத் தெரிந்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் கூச்சம். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்பார்கள். ஒருவருக்கு வேண்டியது மற்றவரிடம் இருக்கிறது. இரண்டு பேருமே கேட்பதில்லை.

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிலர் இங்குள்ள தமிழைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அது தவறு, அறியாமையும்கூட. கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்ட பிறகு பிறந்தவர்கள் நீங்கள். கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு பாடம் மட்டும். வீட்டுப் பேச்சும் மாறிக்கொண்டு வருகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் இந்நாட்டுவாசிகளில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. இந்தச் சூழலில் ஒரு பதின்மவயதுப் பிள்ளை தமிழில் நாடகம் எழுதி மேடையேற்றுகிறது, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் விவாதம் நடத்துகிறது என்றால் அது தானாக வந்ததல்ல. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் பாடுபட்டுக் காத்த மொழி இது. இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தெருவில், பேருந்தில், பள்ளிக்கூடத்தில் எங்கும் தமிழே காதில் விழும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த உழைப்பு சட்டென்று புரிவதில்லை. புரியவைக்க ஒரு வழிதான் இருக்கிறது: உங்களோடு பழக வேண்டும்.

ஒன்று பார்த்தேன், அதைச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பெண் ஒருத்திக்கு விடுதியில் பக்கத்து அறை சிங்கப்பூரின் ஈசூன் பகுதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். ஈசூன் பெண்ணுக்குத் தன் பாட்டியிடம் நன்றாகத் தமிழில் பேச வேண்டும் என்று ஆசை. பேசத் தொடங்கினால் பாதியில் ஆங்கிலம் வந்துவிடும். இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கேன்டீனில் சாப்பிடும்போது ஆங்கிலம், விடுதிக்கு நடந்து திரும்பும்போது தமிழ். சாப்பாட்டு மேசையில் ஈசூன் பெண்ணின் சீன, மலாய்த் தோழிகளும் உட்காருவார்கள். ஆங்கிலத்தின் வேகம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. அந்தப் பருவம் முடிவதற்குள் புதுக்கோட்டைப் பெண் டுடோரியலில் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றவள் பாட்டியோடு எவ்வளவு நேரம் பேசினாள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் இரண்டு குடும்பமும் இப்போது ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போய்வருகிறார்கள்.

இது தற்செயலாக அமைந்தது. அறை ஒதுக்கீட்டில் பக்கத்து எண் விழுந்திருக்காவிட்டால் நடந்திருக்காது. இதைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடாகச் செய்ய உங்களால் மட்டும்தான் முடியும் என்பதால்தான் மன்றங்களுக்கு எழுதுகிறேன்.

துணையாக வருகிறவர் என்னவெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை, நீங்கள் யோசிக்காமலே செய்கிறவைதான். உணவங்காடியில் மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பொட்டலம் யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சாப்பிட்ட தட்டை எடுத்துவைப்பது 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் சட்டம். முதல்முறை எச்சரிக்கை, அடுத்தமுறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஊரில் எச்சில் தட்டை எடுக்க ஆள் இருந்து பழகியவர்களுக்கு இது தெரியாது. காப்பிக் கடையில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது "கோப்பி ஓ கோசோங்", "தே சி சியூ தாய்" என்று சட்டென்று சொல்ல வேண்டும். பால் வேண்டுமா, எந்தப் பால், சர்க்கரை எவ்வளவு என்பதையெல்லாம் அந்த இரண்டு மூன்று சொற்களில் அடக்கிச் சொல்லும் பழக்கம் இங்கே. ஒருமுறை கூட நின்று சொல்லிக்கொடுத்தால் போதும், மறுநாள் அவரே சொல்லிவிடுவார். கடைக்காரப் பெரியவரை அங்கிள் என்றும் அம்மாவை ஆன்டி என்றும் கூப்பிட்டால் முகம் மலரும் என்பதும், பல்கலைக்கழகத்தில் ஆசிரியரை சார், மேடம் என்று கூப்பிடுவது அவ்வளவாக வழக்கமில்லை என்பதும் அப்படித்தான்.

சைவம் சாப்பிடுகிற பிள்ளைகளின் பாடு தனி. கங்கோங் கீரை என்று நம்பி வாங்கினால் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். காய்கறிப் பிரட்டலில் பொடி இறால் இருக்கும், சிப்பிச் சாறும் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் வாரக்கணக்கில் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டு இளைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விலையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வெள்ளியையும் ரூபாயாக மாற்றிப் பார்த்து, ஒரு தோசைக்கு இவ்வளவா என்று பசியோடு திரும்பி வருவார்கள். தேக்காவில் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் நன்யாங் பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தும் ரயிலுமாகத் தேக்கா போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படிக்கிற பிள்ளை தினமும் போக முடியாது. வளாகத்துக்குள் எந்தக் கடை, எந்த நேரம், எந்தக் கறி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதிச் சமையலறையில் தாளிப்பு வாசனை பரவினால் யாராவது முகம் சுளிப்பார்களோ என்று பயந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, நடுராத்திரியில் ரசம் வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2011 ஆகஸ்ட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கறி (மசாலாக் குழம்பு) வாசனை பற்றிப் புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம் புகார் செய்ததும், அது சமரச மையம்வரை போனதும் செய்தியில் வந்தபோது, சீனரும் மலாய்க்காரரும் இந்தியருமாகச் சிங்கப்பூரர்கள் நிறையப் பேர் ஒரே நாளில் கறி சமைத்து, கறி எங்கள் எல்லோருடையதும் என்று காட்டினார்கள். இந்த ஊர் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி. வந்து இறங்கிய வாரத்தில் ஒரு பிள்ளைக்கு இதைச் சொன்னால் நிமிர்ந்து நிற்கும்.

கடினமான நாள் எது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பேன். வெள்ளிக்கிழமை மாலை உள்ளூர் மாணவர்கள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதி காலியாகிவிடும். வார நாளில் வகுப்பும் வேலையும் இழுத்துக்கொண்டு போகும், ஞாயிறு மதியம் ஒன்றும் இருக்காது. பருவத்தில் ஒரே ஒரு ஞாயிறு, உங்கள் வீட்டு மதிய சாப்பாட்டுக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் அம்மா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு "எந்த ஊருப்பா?" என்று கேட்பார். அதற்கப்புறம் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

தீபாவளியும் அப்படித்தான். இங்கே ஒரு நாள் விடுமுறை. அது வருவதோ தேர்வு நெருங்கும் நேரத்தில், ஊருக்குப் போய்வர முடியாது. சிராங்கூன் சாலை விளக்கலங்காரம் கண்ணைப் பறிக்கும். அதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பும்போதுதான் வீட்டு ஞாபகம் அதிகமாகும். உறவும் நட்பும் வந்துபோகும் திறந்த வீடாகத் தீபாவளியைக் கொண்டாடுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. சீன நண்பரையும் மலாய் நண்பரையும் அழைக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் சேரட்டும்.

மன்றம் இல்லாத இடத்தில் படிக்கிற பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்வி நிலையங்களில் படிக்கிற தமிழ்நாட்டு மாணவர்களைத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழக, தொழிற்கல்லூரி மாணவர்களுக்குப் பருவ காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம்வரை வேலை செய்ய அனுமதி உண்டு. பெரும்பாலான தனியார் நிலைய மாணவர்களுக்கு அதுவும் கிடையாது. விடுதி இல்லை, வளாக நண்பர் கூட்டமும் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை தேடி அலைவார்கள். சமையல் கூடாது, லேசான சமையல் மட்டும், இந்தியர் வேண்டாம் என்றெல்லாம் விளம்பரத்தில் பார்த்து மனம் நொந்துபோவார்கள். வீவக வீட்டு அறைக்குக் குறைந்தது ஆறு மாத வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்ற விதியே பலருக்குத் தெரியாது. மாதக் கணக்கில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளூர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் வீட்டுக்காரரோடு பத்து நிமிடம் பேசினால் முடிகிற காரியம் இது. உங்கள் மன்றத்தின் உறுப்பினர் விதி இவர்களை அனுமதிக்காமல் இருக்கலாம். துணை ஏற்பாட்டில் இவர்களுக்கும் இடம் வைக்க எந்த விதியும் தடையாக இருக்காது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. செயற்குழுவில் இருப்பது பத்துப் பதினைந்து பேர். நாடகம், பேச்சுப்போட்டி, பள்ளி மாணவர்களுக்கான பயிலரங்கு, நடுவில் தேர்வு. இன்னொரு பொறுப்பா என்று தோன்றும். ஆனால் இதற்கு மண்டபமும் நன்கொடையும் தேவையில்லை. உறுப்பினர்களிடம் ஒரு படிவம், புதிதாக வருகிறவர்களிடம் ஒரு படிவம், உட்கார்ந்து சேர்த்துவிட ஒரு மாலை. சேர்த்துவிடும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களாக இருந்தால் நல்லது. முதலாண்டில் எந்தப் பாடத்தில் எங்கே வழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதுப் பையன் அவர்களைத் தயங்காமல் அண்ணா, அக்கா என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட்ட பிறகு கேள்வி கேட்கவும் கூச்சப்பட மாட்டான். பெண்களுக்குப் பெண்களையே துணையாகப் போடுங்கள். ஊரில் பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கும்.

இன்னொரு கேள்வியும் வரும். படித்துவிட்டுப் போய்விடப் போகிறவர்களுக்காக ஏன் இவ்வளவு? அவர்களில் பலர் போவதில்லை. கல்வி அமைச்சின் கட்டண மானியம் வாங்கிப் பட்டப்படிப்புப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், படிப்பு முடிந்தபின் மூன்றாண்டு இங்கே வேலை பார்க்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நான்காண்டு படிப்போடு சேர்த்தால் ஏழாண்டு. ஓர் இளைஞரின் வாழ்க்கையில் ஏழாண்டு என்பது விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகிற காலம் இல்லை. உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் உட்காரப்போகிறவர்கள், உங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடிவரப்போகிறவர்கள் அவர்கள். உள்ளூர்த் தமிழர், ஊரிலிருந்து வந்த தமிழர் என்று இரண்டு கூட்டமாக நாம் நிற்பதைச் சிராங்கூன் சாலையிலும் பார்க்கிறேன், அலுவலகச் சாப்பாட்டு அறையிலும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பெரியவர்கள் இனி மாறுவது சிரமம். பதினெட்டிலும் இருபதிலும் பழகியவர்கள் அப்படிப் பிரிந்து நிற்க மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் சொல்லவேண்டியதை, முன்பு படிக்க வந்து இங்கேயே தங்கிய நாங்கள் சொல்கிறோம். ஊர்க்காரர்கள் கூட்டத்திலேயே முடங்கிவிடாதே. இங்குள்ளவர் தமிழைக் கேட்டுச் சிரிக்காதே. புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேள், இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. துணையாக வருகிறவரின் தமிழை இவர்கள் மதிக்கவில்லை என்று தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

மனம் மிகவும் உடைந்துபோன பிள்ளை யாராவது கண்ணில் பட்டால் துணையாக இருப்பவர் தனியாகச் சுமக்க வேண்டாம். வளாகங்களில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1767 என்ற உதவித் தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் கேட்க ஆள் உண்டு. பல பிள்ளைகள் ஆலோசகரிடம் போகத் தயங்குவது ஆங்கிலத்தில் அழ வேண்டியிருக்குமே என்றுதான். முதல் சந்திப்புக்குக் கூடப் போய்க் கதவுவரை விட்டுவிட்டு வந்தாலே பெரிய உதவி.

அடுத்து ஆகவேண்டியது இதுதான். ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் மன்றத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றால், எங்களைப்போல் முன்பு படிக்க வந்து இங்கேயே வேலையில் இருக்கும் சிலர், ஊர்களில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் வழியாகப் புதிதாக வருகிறவர்களிடம் பேசி, சம்மதிப்பவர்களின் பெயரைத் திரட்டித் தருகிறோம். படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் எல்லா மன்றங்களும் தொடங்க வேண்டும் என்றில்லை. இந்த ஆண்டு இரண்டு மன்றங்கள் முன்வந்தாலும் அந்த இரண்டில் ஆரம்பிக்கலாம். சனி, ஞாயிறுகளில் உங்கள் வளாகத்துக்கு வந்து பேச நான் தயார். எந்த மன்றம் முதலில் கூட்டம் வைக்கிறது என்று சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஜூரோங்கிலிருந்து ஒரு முன்னாள் மாணவன்